ஒடிந்த சைக்கிள் பிரேமை எந்தப் பேரேட்டில் எழுதுவது?



சென்ற மாதம் சங்கக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது நம் உறுப்பினர் ஒருவர், அரிசி மண்டி வைத்திருப்பவர், ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஏனுங்க, எங்க ஐயன் ஓட்டுன ராலே சைக்கிளு குடோன்ல கெடக்குது. பிரேமுல, ஹேண்டில் கழுத்துக்கிட்ட, விரிசல் உட்டிருக்குது. வெல்டிங் பட்டறையில முந்நூறு ரூவா போதும்ங்கறாங்க. பழைய இரும்புக்காரர் எடைக்குக் கேக்கறாரு. எம்பட பையன் போன்ல பாத்துப்போட்டு, இது பழம்பொருளு, லட்சத்துக்குப் போகும்ங்கறான். மூணுல எது நெசமுங்க?"

அவ்வளவுதான். டீ ஆறிப்போகும் வரை வாதம் நடந்தது. "பெத்தவன் ஏறின வண்டியை இரும்புக்குப் போடுவியா?" என்றார் ஒருவர். "ஓடாத வண்டிக்கு இடம் எதுக்கு?" என்றார் இன்னொருவர். நான் அன்று வாயைத் திறக்கவில்லை. இதே கேள்விக்கு ஒருமுறை தவறாகப் பதில் சொல்லி, அதன் பலனைப் பார்த்தவன் நான். கூட்டத்தில் சொல்லக் கூசியதை இங்கே எழுதுகிறேன்.

என் தகப்பனார் பெருந்துறையில் மளிகைக் கடை வைத்திருந்தார். 1958-ல் அவர் ஒரு ராலே சைக்கிளை இரண்டாம் கையாக வாங்கினார். நாட்டிங்காமில் செய்த அசல் சீமை வண்டி. ஈரோட்டுக்கு இருபது கிலோ மீட்டர் மிதித்துப் போய், மிளகாயும் மல்லியும் கட்டிக்கொண்டு மாலையில் திரும்புவார். எங்கள் படிப்பு, அக்காவின் கல்யாணம், இப்போதிருக்கும் கடை, எல்லாம் அந்தக் கேரியரில் வந்தவைதான். 1980-ல் டி.வி.எஸ். 50 வந்து, நான்கு வருடம் கழித்து நாங்களும் ஒன்று வாங்கியபிறகும், அவர் சைக்கிளை விடவில்லை.

1986-ல் குன்னத்தூர் ரோட்டில் இருட்டில் ஒரு பாலத்துக் கட்டையில் மோதிவிட்டார். அவருக்குச் சிராய்ப்போடு போயிற்று. முன் ஃபோர்க் பின்னுக்கு வளைந்தது. கீழ்க் குழாய், கழுத்தை ஒட்டினாற்போல், புடைத்துக்கொண்டது. ஒரு பட்டறையில் கொடுத்தேன். குழாயைச் சூடுபண்ணி நிமிர்த்தி, புடைப்பின்மேல் கரண்ட் வெல்டிங் ஓட்டி, கறுப்புப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார்கள். பார்க்கப் புதுசுபோல இருந்தது. தகப்பனார் தடவிப் பார்த்து, "இன்னும் இருபது வருசம் ஓடும்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்தச் சைக்கிளைக் கடைப் பையனிடம் கொடுத்தேன். பதினேழு வயசு. மூன்றாவது மாதம், இரண்டு எண்ணெய் டின்னைக் கேரியரில் கட்டிக்கொண்டு இறக்கத்தில் போனவன் திரும்பி வரவில்லை. பற்றுக்கு அரை அங்குலம் தள்ளிக் குழாய் துண்டாகியிருந்தது. இடது முன்கை எலும்பு முறிந்தது. முன்பல் இரண்டு போயிற்று. வைத்தியச் செலவு முழுவதும் நான்தான் செய்தேன். அதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. செய்யாமல் இருந்திருந்தால் மனிதனே இல்லை. அவர் இப்போது சொந்தமாக ஒரு கடை வைத்து நன்றாக இருக்கிறார். எங்கேயாவது பார்த்தால் "உடுங்கண்ணா, அது பழைய கதை" என்பார். அவர் சிரிக்கும்போது எனக்கு அந்தப் பல்தான் தெரியும்.

பட்டறைக்காரரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒட்டிக் கொடு என்று கேட்டவன் நான். அவர் ஒட்டிக் கொடுத்தார். ஒட்டலாமா என்று நான் கேட்கவே இல்லை.

விரலியை முறித்துப் பார்ப்பதுபோல

மஞ்சள் வாங்கும்போது நாம் என்ன செய்கிறோம்? மேல்நிறத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. விரலியை முறித்து உள்நிறம் பார்க்கிறோம். கொப்பரை ஏலத்தில் மூட்டையின் வாயில் இருப்பதை நம்பாமல், அடியில் கைவிட்டு எடுத்துப் பார்க்கிறோம். சைக்கிள் பிரேமுக்கும் அதேதான்.

கோவை ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு ஆசைப்பட்டு, ஓட்டலில் வேலைபார்த்துப் பணம் சேர்த்து அதை வாங்கினார். வாங்கியவர் முதலில் செய்த காரியம், அதைக் கழற்றிப் பார்த்ததுதான். பிரித்துப் பார்த்த பிறகு தீர்ப்புச் சொல்வது நம் சீமைக்குப் புதிதல்ல.

பிரேமைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெயிண்டில் மயிரிழை போலக் கோடு, அதில் துருக் கசிவு தெரிந்தால், அது பெயிண்ட் வெடிப்பா குழாய் விரிசலா என்று சந்தேகம் வரும். அந்த இடத்தை மண்ணெண்ணெய் போட்டு நன்றாக ஊறவிட்டு, துணியால் ஈரமில்லாமல் துடைத்துவிட்டு, சாக்பீஸ் தூளைத் தூவுங்கள். குழாயில் விரிசல் இருந்தால், உள்ளே போன எண்ணெய் கசிந்து தூளில் கோடாகத் தெரியும். ஒரு காலத்தில் ரயில்வே பட்டறைகளில் அச்சையும் சக்கரத்தையும் சோதித்த முறை இது. நம் கடையில் பத்து ரூபாயில் முடியும்.

அடுத்தது கோணல். பின்சக்கரம் மாட்டும் காது ஒன்றில் ஒரு நூலைக் கட்டி, கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கக் காதில் இழுத்துக் கட்டுங்கள். சீட்டுக் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள இடைவெளி இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடுதலானால் பிரேம் திருகியிருக்கிறது.

மூன்றாவது, துரு. மழைத் தண்ணீர் சீட்டுக் குழாய் வழியாக இறங்கி, பெடல் அச்சு ஓடும் கூட்டில்தான் தங்கும். மேலே பளபளவென்று இருக்கும் பிரேம் அங்கே அப்பளமாகியிருக்கும். அச்சையும் கப்பையும் கழற்றி உள்ளே ஒரு ஆணியால் குத்திப் பாருங்கள். ஆணி இறங்கினால் மேற்கொண்டு பேச்சே வேண்டாம்.

எது ஒட்டும், எது ஒட்டாது

பழைய பிரேமில் குழாயும் குழாயும் சேரும் இடத்தில் ஓர் இரும்பு உறை இருக்கும். அந்த உறைக்குள் குழாயைச் செருகி, கேஸ் நெருப்பில் பித்தளையை உருக்கி ஓடவிட்டுப் பற்றியிருப்பார்கள். பித்தளை ஏறக்குறைய 900 டிகிரியில் உருகிவிடும். இரும்பு உருக 1,500 டிகிரி வேண்டும். அதனால் குழாய் உருகாமல், பலம் அதிகம் குறையாமல், மூட்டு மட்டும் பிடித்துக்கொள்ளும்.

கரண்ட் வெல்டிங்கில் இரும்பையே உருக்குகிறோம். கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது சரி. இரண்டு மில்லி மீட்டர் கனம்கூட இல்லாத குழாயில் அது பொத்தல் போடும். பொத்தலை மூட இன்னும் உலோகத்தை அப்ப வேண்டும். பித்தளை ஊறிய இடத்தில் கரண்ட் வைத்தால் பற்றே சரியாகப் பிடிக்காமல் வெடிக்கும். அப்பின இடம் கல்லாக நிற்கும். அதன் ஓரம் பலமிழந்து, ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்து, ஒருநாள் துண்டாகும். எங்கள் வண்டி பற்றில் ஒடியாமல் பக்கத்தில் ஒடிந்ததன் ரகசியம் இதுதான். பத்து வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது.

அதற்காக, அடிபட்ட பிரேம் என்றாலே இரும்புக்குத்தான் என்று முடிவுகட்டுவதும் தவறு. என் நண்பரிடம் அம்பத்தூர் ஹெர்குலிஸ் ஒன்று இருக்கிறது. முருகப்பா குழுமம் 1949-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் வண்டி. அதன் கேரியர் மாட்டும் காது ஒடிந்து, பின்பக்கம் கொஞ்சம் கோணியிருந்தது. நூல் பிடித்துப் பார்த்தோம்; நாலைந்து மில்லி மீட்டர் வித்தியாசம். இரும்புக் குழாய் கொஞ்சம் வளைந்தால், சூடுபண்ணாமலே நிதானமாக நிமிர்த்தலாம். நிமிர்த்தி, காதுக்குப் பித்தளை வைத்துப் பற்றினார்கள். இன்றும் தீவனக் கடைக்கு ஓடுகிறது.

ஆகவே கணக்கு இது. மேல் பாரில் சிறு பள்ளம், காது ஒடிவு, மூட்டில் பித்தளை விட்டுப்போனது, இலேசான கோணல்: இவை செய்யத் தகும். குழாயில் குறுக்கு விரிசல், கழுத்தை ஒட்டிய புடைப்பு, உள்துரு: ஒட்டுப்போடக் கூடாது. ஃபோர்க்கில் விரிசல் என்றால் யோசனையே வேண்டாம். புது ஃபோர்க் மாற்றிவிடுங்கள்.

"குழாயையே மாற்ற முடியாதா?" என்று கேட்கலாம். முடியும். உறையைச் சூடுகாட்டிப் பழைய குழாயை உருவிவிட்டு, அதே அளவில் புதுக் குழாய் செருகி, பித்தளை ஓடவிடலாம். வெளிநாடுகளில் அதையே தொழிலாகச் செய்கிறவர்கள் உண்டு. ஆனால் அந்தக் கைப்பழக்கம் உள்ளவரைத் தேடிப் பிடிக்க வேண்டும். பிடித்தாலும் கூலி ஒரு புது வண்டி விலையைத் தொட்டுவிடும்.

இரண்டு பேரேடு

இப்போது கணக்குக்கு வருவோம். நாம் செய்யும் பெரிய பிழை, இரண்டு கணக்கை ஒரே பேரேட்டில் எழுதுவது. ஒன்று உழைப்புக் கணக்கு. மற்றது ஞாபகக் கணக்கு.

உழைப்புக் கணக்கில் வண்டி என்பது ஒரு தராசு மாதிரி, ஒரு சாக்கு ஊசி மாதிரி. அங்கே கேள்வி ஒன்றே ஒன்று: வருடத்துக்கு என்ன செலவு? பிரேம் வேலை, டயர், ட்யூப், ரிம், பிரேக் கட்டை எல்லாம் சேர்ந்து 2,500 ரூபாய் ஆகிறது, இரண்டு வருடம் ஓடும் என்றால், வருடத்துக்கு 1,250. புது வண்டி 8,000 ரூபாய், பத்து வருடம் ஓடும் என்றால், வருடத்துக்கு 800. இது மாதிரிக் கணக்குத்தான். உங்கள் கடைவீதி விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். வெல்டிங் முந்நூறுதான் என்பவர் மற்ற செலவைச் சொல்வதில்லை. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு. ராலே கம்பெனி பெடல் அச்சுக் கூட்டுக்கு அங்குலத்துக்கு 26 மரை வைத்தது. மற்ற சீமை வண்டிகளுக்கு 24 மரை. கப் தேய்ந்துபோனால் கடையில் கிடைக்கும் சாதாரணக் கப் ஏறாது. ஆனால் 28-க்கு ஒன்றரை டயர் இன்றும் நம் நாட்டில் தயாராகிறது. அந்தக் கவலை இல்லை.

ஞாபகக் கணக்கில் விலை கிடையாது. அதனால் அதில் லாப நஷ்டம் பார்க்க வேண்டாம். பார்க்கவும் முடியாது. தகப்பனார் கை பட்ட கைப்பிடிக்கு எந்த மார்க்கெட்டில் ரேட் இருக்கிறது? அந்தக் கணக்கில் வைப்பதென்றால் வண்டியை ரிப்பேரே செய்யாதீர்கள். பெயிண்டை உரிக்காதீர்கள், முன்பக்கப் பித்தளை வில்லையைக் கழற்றாதீர்கள். தூசி தட்டி, எண்ணெய்த் துணியால் துடைத்து, மழை படாத இடத்தில் மாட்டுங்கள். அடிபட்ட தழும்பும் ஞாபகத்தில் சேர்ந்ததுதான்.

இந்த இரண்டையும் கலக்கும்போதுதான் வினை. ஞாபகத்துக்காக ஒட்டி, உழைப்புக்காக ஓட்டுகிறோம். நான் செய்தது அதுதான். தகப்பனார் மேல் எனக்கிருந்த பாசத்துக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளையின் கையெலும்பு ஜாமீன் நின்றது.

லட்சத்துக்குப் போகும் என்ற பேச்சையும் சொல்லிவிடுகிறேன். பழைய வண்டி சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள், உண்மை. ராலே 1887-ல் தொடங்கிய கம்பெனி. 2002-ல் நாட்டிங்காமில் வண்டி செய்வதே நின்றுவிட்டது. நம் நாட்டிலும் அட்லஸ் கம்பெனி சாகிபாபாத் ஆலையை 2020 ஜூன் 3 அன்று நிறுத்தியது. அன்று உலக சைக்கிள் தினம் என்பதுதான் வேடிக்கை. இனி வராத பொருளுக்கு ஆசை கூடுவது இயல்பு. ஆனால் சேர்ப்பவர் கேட்பது முழு வண்டி: அதே புரூக்ஸ் தோல் சீட்டு, அதே செயின் பெட்டி, அதே கம்பி பிரேக். ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப் இருந்தால் அதன் மேலேயே வருட எண் அடித்திருக்கும். வயசுக்கு அதுதான் சாட்சி. விரிசல் விட்ட மொட்டைப் பிரேமுக்கு, அதிலும் புதுப் பெயிண்ட் அடித்ததற்கு, அவர்கள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

வேண்டாம் என்று சொல்பவருக்கும் கூலி

கடைசியாக ஒன்று. இதைத்தான் இந்தக் கட்டுரையில் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ஒரு பட்டறைக்காரர் ஒடிந்த பிரேமைப் பார்த்து "செஞ்சர்லாம்" என்றால் அவருக்கு முந்நூறு ரூபாய். "இது வேண்டாமுங்க, ஓட்டாதீங்க" என்றால் அவருக்கு ஒன்றுமில்லை. ஒரு டீகூட நாம் வாங்கிக் கொடுப்பதில்லை. உண்மை சொன்னால் நஷ்டம் என்று நாமே ஏற்பாடு செய்து வைத்துவிட்டு, பிறகு உண்மை சொல்லவில்லை என்று குறைப்படுகிறோம். தரகருக்குத் தரகு, எடை போடுபவருக்கு எடைக்கூலி கொடுக்கும் நாம், பார்த்துச் சொல்பவருக்கு மட்டும் கூலி கொடுப்பதில்லை.

நான் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். சைக்கிளோ, மொபெட்டோ, தள்ளுவண்டியோ, பட்டறையில் விடும்போதே நூறு ரூபாயை முன்னால் வைத்துவிடுவேன். "இது பாக்கறதுக்குங்க. செய்யறதா வேண்டாமான்னு சொல்லுங்க. செஞ்சா அது தனிக்கூலி" என்பேன். முதல் தடவை ஒரு மெக்கானிக் அந்த நூறை எடுக்கவே கூசினார். ஆனால் அன்று அவர் சொன்னது: "இந்த ஃபோர்க்க ஒட்டச் சொல்லி நாலு பேரு வந்தாங்கண்ணா. நாலு பேருக்கும் ஒட்டித்தான் குடுத்தேன். உங்களுக்கு மட்டும் சொல்றேன், மாத்திப்போடுங்க."

அந்த நாலு பேருக்கும் கிடைக்காத உண்மை நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இதைவிட மலிவான கொள்முதல் என் வியாபாரத்தில் நான் செய்ததில்லை.

நம் கடைகளில் இன்றும் சைக்கிள் இருக்கிறது. பக்கத்துத் தெருவுக்கு ஒரு சிப்பம் அரிசி, மெஸ்ஸுக்கு இரண்டு டின் எண்ணெய், எல்லாம் அதில்தான் போகிறது. மிதிப்பவர் நாம் அல்ல. சம்பளத்துக்கு வந்த பிள்ளை. இப்போது வெளிமாநிலத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிரேமில் ஏதோ சத்தம் கேட்கிறது என்று நம் மொழியில் சொல்லக்கூட அவர்களுக்குத் தெரியாது. முதலாளி கொடுத்த வண்டி என்று ஏறிப் போவார்கள். ஆகவே உறுப்பினர்கள் இந்த வாரமே கடை மூடிய பிறகு ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி, உங்கள் கடைச் சைக்கிளின் கழுத்தையும் ஃபோர்க்கையும் துடைத்துப் பார்க்க வேண்டுகிறேன். சந்தேகம் தீர ஒரே சோதனைதான்: அதே பாரத்தைக் கட்டி, அதே இறக்கத்தில், உங்கள் சொந்த மகனை அந்த வண்டியில் அனுப்புவீர்களா?

அரிசி மண்டிக்காரரின் சைக்கிளை மறுவாரம் போய்ப் பார்த்தேன். மண்ணெண்ணெய் துடைத்துச் சாக்பீஸ் தூவினோம். குழாயின் சுற்றளவில் மூன்றில் ஒரு பங்குக்குக் கோடு ஓடியது. முன்பக்க வில்லையைத் துடைத்தபோது இன்னொன்றும் தெரிந்தது. அது நாட்டிங்காம் வண்டியே அல்ல. வங்காளத்து ஆசன்சோலில் செய்த சென்-ராலே. போனில் விலை பார்த்த மகனின் முகம் கொஞ்சம் வாடியது. தகப்பனாரோ சிரித்துவிட்டார். "எங்க ஐயன் சாகற வரைக்கும் சீமை வண்டின்னே சொல்லிட்டு இருந்தாருங்க!"

ஒட்டவில்லை, எடைக்கும் போடவில்லை. மண்டியில் கல்லாவுக்கு எதிர்ச் சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டியிருக்கிறார். கடைப் பையனுக்குப் புது வண்டி வாங்கிவிட்டார்.

எங்கள் ராலேயின் கதை அப்படி முடியவில்லை. அந்த விபத்துக்கு மறுநாள், ஒடிந்த இரண்டு துண்டையும் தகப்பனாரே தூக்கிக்கொண்டு போய்ப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு வந்தார். கிடைத்த காசைக் கல்லாவில் போடாமல், ஆஸ்பத்திரியில் இருந்த பையனின் அம்மாவிடம் கொடுத்தார். அதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.